பனியில் வழிவிட்டவர்களுக்கும் வழிமறித்தவர்களுக்கும்: வேலூரிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஐயாமார்களே, அண்ணன் தம்பிகளே, தாய்மார்களே,

வணக்கம். வேலூர், காட்பாடி, கணியம்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்துப் பட்டாளத்துக் குடும்பங்களும் பென்ஷன் வாங்கி ஊரோடு இருக்கும் முன்னாள் படைவீரர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. வடாற்காட்டுக்குப் பட்டாளம் புதிதல்ல. லாங் பஜார் மணிக்கூண்டில் பதித்த கல், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து போன 277 பேரையும் அவர்களில் திரும்பி வராத 14 பேரையும் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறோம். ஆனாலும் வேலூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் லீவு முடிந்து காஷ்மீருக்கும் லடாக்குக்கும் டூட்டிக்குத் திரும்பும் குளிர்காலப் பயணம் ஒவ்வொரு வருடமும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. இந்தக் குளிர்காலமும் எல்லாரும் நல்லபடியாக யூனிட் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் செய்தது என்ன, ஏன் செய்தீர்கள் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். அடுத்த மார்கழியில் கிளம்பப்போகும் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

முதல் நன்றி, எங்கள் பிள்ளைகளை மேலே போகவிடாமல் நிறுத்தியவர்களுக்கு. ஜம்மு–ஸ்ரீநகர் மலைச்சாலையில் உதம்பூரிலும் ராம்பனிலும் தடுப்புக் கட்டை போட்டு "ராஸ்தா பந்த்" (வழி மூடியாச்சு) என்று வண்டிகளைத் திருப்பிய போக்குவரத்துப் போலீஸுக்கும், டிரான்சிட் கேம்ப் என்னும் வழித்தங்கல் முகாமில் கான்வாயை (வண்டி வரிசையை) கிளப்ப மறுத்த அதிகாரிகளுக்கும் அன்றைக்குக் கிடைத்தது முணுமுணுப்புதான். இன்றைக்குக் கைகூப்புகிறோம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுச் சலனம் ஒன்றேதான், ஆனால் பனிஹாலில் பனியாகக் கொட்டுகிறது, தாழ்வான ராம்பனில் மழையாகப் பெய்து மலையைச் சரிக்கிறது. 2017இல் திறந்த செனானி–நஷ்ரி சுரங்கம் 9 கிலோமீட்டருக்கு மேல், 2021இல் திறந்த பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் 8.45 கிலோமீட்டர். இவ்வளவு நீளச் சுரங்கங்கள் இருந்தும் ஏன் ரோடு மூடுகிறது என்று இங்கே வீடுகளில் கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ராம்பன் பக்கத்து மலையோரம் பெரும்பகுதி திறந்துதானே கிடக்கிறது! கல் உருளுவது அங்கேதான். சுரங்கத்தின் இரண்டு வாயும் திறந்திருக்கிறது என்பதால் நடுவழியும் திறந்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

பனி நின்று வெயிலும் அடிக்கிறதே, ஏன் இன்னும் விடவில்லை என்ற கேள்விக்கும் நீங்கள் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவில்தான் பனிச்சரிவு அதிகம். புதுப்பனி பழைய பனியோடு ஒட்டிக்கொள்ள ஒன்றிரண்டு நாள் வேண்டும். அதற்குள் அடிக்கும் நல்ல வெயில், மேல்தட்டை ஈரமாக்கிக் கனக்க வைத்து நழுவவிடும். அதனால்தான் அதிகாலையில் கடக்கச் சொல்கிறீர்கள், மதியத்துக்குமேல் மறிக்கிறீர்கள். சண்டிகரில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகத்தில் உட்கார்ந்து எந்த மலையில் எந்த அளவு ஆபத்து என்று நாள்தோறும் எச்சரிக்கை எழுதும் விஞ்ஞானிகளை இங்கே யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் எங்கள் வணக்கம். நடந்து கடக்க வேண்டியிருந்த இடங்களில் ஆளுக்கு ஆள் இடைவெளி விட வைத்து, பைவாரைத் தளர்த்தச் சொல்லி, இடுப்பில் சிவப்புக் கயிற்றை நீளமாகக் கட்டி இழுத்துப் போக வைத்த வழிகாட்டிகளையும் மறக்க மாட்டோம். புதைந்தவரை முதல் 15 நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பெரும்பாலும் உயிரோடு எடுக்க முடியும். மேலே தெரியும் கயிற்று நுனி அந்த நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

அடுத்து எல்லைச் சாலை அமைப்பு. 1960இல் தொடங்கிய இந்த அமைப்பைப் பற்றி எங்களில் பழையவர்களுக்குச் சொல்ல ஆயிரம் இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து லடாக் போகும் வழியில் 11,575 அடி உயர சோஜிலா கணவாயில் சோனாமார்க் பக்கமிருந்து இந்த அமைப்பின் பீக்கன் திட்டத்தாரும் திராஸ் பக்கமிருந்து விஜயக் திட்டத்தாரும் வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்திக்கிறார்கள். முன்பு ஆறு மாதம்வரை மூடிக் கிடந்த வழி, 2025இல் 32 நாளில் திறந்தது. அது இயந்திரத்தால் மட்டும் ஆன காரியமில்லை. புதிதாக விழுந்த தூள்பனியை ஸ்னோ கட்டர் கடித்துக் குழல் வழியாகப் பள்ளத்தாக்குப் பக்கம் வீசிவிடும். ஆனால் சரிந்து வந்த பனி நின்றதும் சிமெண்ட் போல இறுகும், உள்ளே கல்லும் மரமும் கிடக்கும். அங்கே கட்டரை நேராக விட்டால் பல்லில் கல் சிக்கி ஷியர் போல்ட் முறியும். பெரிய கியர் உடையக் கூடாது என்றுதான் அந்தச் சின்ன போல்ட் முறிகிறது. முதலில் டோசர் உடைத்துக் கிளறித் தர வேண்டும், பிறகு கட்டர், கடைசியில் கிரேடர் வழிக்க வேண்டும். முறிந்த போல்ட்டை மாற்ற ஆபரேட்டர் கையுறையைக் கழற்ற வேண்டிவரும். அந்தக் குளிரில் வெறும் விரல் இரும்பில் பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். உப்புத் தூவுவதும் பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்து டிகிரி வரைக்கும்தான் ஓரளவு வேலை செய்யும். அதற்குமேல் குளிர்ந்தால் மணலும் மண்வெட்டியும்தான். ஜார்க்கண்டிலிருந்து வந்து அந்த மண்வெட்டியைப் பிடித்த தொழிலாளத் தம்பிகளே, நீங்கள் வெட்டிய பனிச்சுவர்களுக்கு நடுவேதான் எங்கள் பிள்ளைகள் போனார்கள். இந்த மடலில் எங்கள் நெஞ்சு அதிகம் நிறைந்து எழுதும் வரி இதுதான்.

டிரைவர் உஸ்தாதுகளே, வேலூரில் லாரி ஓட்டிப் பழகியவர்களுக்குக்கூட உங்கள் வேலையின் பாதி புரியாது. சாதா டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் பாதி வழியில் நின்றுவிடும். மைனஸ் 33 டிகிரிவரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019இல் லடாக்குக்குக் கொண்டுவந்தது. அதற்குமுன் மண்ணெண்ணெய் கலந்துதான் ஓட்டினார்கள். ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் மட்டும் இருந்தால் உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளக்கும். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 வரை தாங்கும். ஏர் டேங்க்கில் சேரும் ஈரத்தைத் தினமும் வடிக்காவிட்டால் பிரேக் லைனில் பனிக்கட்டி அடைக்கும். இரவு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டால் ஈர லைனிங் டிரம்மோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். டயர் சங்கிலியை இழுவைச் சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும், மாட்டிக் கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு இறங்கி மறுபடி இறுக்க வேண்டும், தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். நிழல் விழும் வளைவிலும் பாலத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பனி முதலில் படியும். அங்கே பிரேக்கைத் தொடாமல், சின்ன கியரில், எஞ்சின் பிடியிலேயே இறக்கிய உங்கள் கால்களுக்கு நன்றி.

வண்டிக்குள் இரவைக் கழிக்க வேண்டிவந்தபோது, சைலன்சர் குழாயை மூடிய பனியைத் தோண்டி எடுத்த பிறகே எஞ்சினை ஓட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றீர்களே, அதற்கும். குழாய் அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும். மணி நேரத்துக்கு ஒரு பத்து நிமிடம் எஞ்சின், காற்றடிக்காத பக்கம் ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி, ஒருவர் மாற்றி ஒருவர் முழித்திருப்பது. அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்புக்கும் காங்கிடி என்ற கரி நெருப்புச் சட்டிக்கும் இதே கணக்குதான். மூடிய அறையில் அணைக்காமல் தூங்கினால் தலைவலிகூடத் தெரியாமல் உயிர் போகும். பனிஹால் பக்கத்து வீடுகளில் இடம் தந்து, உப்புத் தேநீரும் சோறும் போட்டு, படுக்கும்முன் அடுப்பை அணைத்தாயிற்றா என்று எழுந்து வந்து பார்த்த காஷ்மீரத்துத் தாய்மார்களுக்கு என்ன சொல்வது! எங்கள் வீட்டில் இருந்திருந்தால் நாங்கள் செய்திருப்பதை நீங்கள் செய்தீர்கள்.

மருத்துவ உதவியாளர்களுக்கு: விரல் வெளுத்து, மெழுகு போல் ஆகி, உணர்வு போனதும் தேய்க்க ஓடியவர்களைத் தடுத்தீர்கள். தேய்த்தால் உள்ளே உறைந்த சதை கிழியும். நெருப்பில் காட்டினால் வலி தெரியாமலே வெந்துவிடும். 37 முதல் 39 டிகிரி வெந்நீரில், அதுவும் மறுபடி உறையாது என்று உறுதியான இடத்தில்தான் வைக்க வேண்டும். ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பருத்தி பனியனைக் கழற்ற வைத்ததும் நீங்கள்தான். வேலூர் வெயிலுக்கு அது சொர்க்கம், அங்கே வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்பிலேயே உறையும். உடம்போடு தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று கால்தான் முதலில் போகும். உயரம் ஏறுவதில் 9,000 அடிக்குமேல் 6 நாள், 12,000க்குமேல் 4, 15,000க்குமேல் இன்னொரு 4 நாள் என்று உடம்பைப் பழக்கும் விதியில் ஒரு நாளைக்கூடக் குறைக்காமல் இருந்தீர்கள். சுமார் 220 மீட்டர் உயரத்து ஊரிலிருந்து வருபவருக்கு அது கட்டாயம்.

மாட்டிக்கொண்ட நாட்களைக் காகிதத்தில் எழுதித் தந்த எம்.சி.ஓ. (படையினர் பயணத்தைக் கவனிக்கும் ராணுவ அலுவலகம்) ஊழியர்களுக்குத் தனி நன்றி. 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, போதிய காரணமின்றி லீவுக்குமேல் தங்குவதைத்தான் குற்றம் என்கிறது. பனி போதிய காரணம், ஆனால் அதைக் காட்ட ஒரு சீல் வேண்டும். இளைய பிள்ளைகளே, ரோடு மூடினால் லாட்ஜில் போய்ப் படுக்காதீர்கள். முதலில் டிரான்சிட் கேம்ப்பிலோ எம்.சி.ஓ.விலோ வருகையைப் பதியுங்கள், யூனிட்டுக்குச் சொல்லுங்கள்.

ஊர்ப்பக்கம் உதவியவர்களும் உண்டு. வாரம் ஒருமுறை காட்பாடி வழியாகக் கத்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸுக்கு டிரங்குப் பெட்டியோடு ஏற்றிவிட்ட ஸ்டேஷன் போர்ட்டர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் நன்றி. கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனில் ரயில் வந்தது பெரிய தைரியம். நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது என்று எடுத்துச் சொல்லி, கிளம்பும்முன் போஸ்ட்பெய்டுக்கு மாற்றித் தந்த கடைத்தம்பிகளுக்கும். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். அதைப் புரிந்துகொண்டு பத்துப் பேர் பத்து முறை கூப்பிடாமல், ஒரு வீட்டுக்கு வந்த செய்தியைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த அக்கம்பக்கத்து அம்மாக்களுக்கும் எங்கள் அன்பு.

இந்த மடலோடு டிரான்சிட் கேம்ப் சமையற்கட்டுக்கும் பனி வெட்டும் டிட்டாச்மென்ட்டுகளுக்கும் நம்ம நிலத்து வேர்க்கடலையில் பிடித்த வெல்ல உருண்டைகள் பார்சலில் வருகின்றன. தேங்காயெண்ணெய் அங்கே கட்டியாகிவிடும் என்பதால் தலைக்கு நல்லெண்ணெய் வைத்திருக்கிறோம். உருண்டை குளிரில் கல்லாகும், அப்படியே கடிக்காதீர்கள். சுடு டீக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்து, உடைத்துச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வேலூர் மாவட்டத்துப் படைவீரர் குடும்பங்களும்
முன்னாள் படைவீரர்களும்