பாலுவுக்குச் சொல்ல வேண்டியது

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. வீட்டு வேலை கூரை மட்டத்துக்கு வந்துவிட்டதில் மகிழ்ச்சி. மணல் விலை பற்றிய உன் புலம்பலுக்கு என்னிடம் மருந்து இல்லை. பாலுவின் திக்கலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன்; திக்கித் திக்கியே வங்கி வேலையை ஓட்டியவன் என்ற உரிமையில்.

நேர்முகத் தேர்வில் சொந்தப் பெயரிலேயே நின்றுவிடுகிறான் என்கிறாய். வேறு எந்தச் சொல் வராவிட்டாலும் இன்னொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். பெயருக்கு மாற்று ஏது? அந்தச் சமாளிப்பைத்தான் அவன் முதலில் விட வேண்டும். 'பழனி' வாயில் வராமல் ஒட்டன்சத்திரத்துக்கு டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்தவரை எனக்குத் தெரியும். ஒருமுறை ஒதுக்கிய சொல் மறுமுறை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தும்.

அமெரிக்காவில் மிச்சிகனில் சார்லஸ் வான் ரைப்பர் (1905–1994) என்ற பேராசிரியர் இருந்தார். அவருக்கே திக்கும். திக்கலை மறைக்காதே, சிரமமில்லாமல் திக்கக் கற்றுக்கொள் என்பது அவர் வழி. அதில் பயிற்சி பின்னாலிருந்து முன்னே வரும். அவன் பெயர் 'பாலமுருகன்' முட்டிமோதி வெளியே வந்தாயிற்று என்று வை. உடனே அடுத்த சொல்லுக்கு ஓடக் கூடாது. இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, அதே பெயரை இழுத்து, இளக்கமாக மறுபடி சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று இந்த நிறுத்தத்துக்குத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள்; ஆனால் அவசரம் அடங்குவது இங்கேதான். இது பழகிய பிறகு, சிக்கிக்கொண்டிருக்கும்போதே உதட்டின் இறுக்கத்தைத் தளர்த்தி மெல்ல வெளியேறுவது. கடைசியில்தான், சிக்கப் போவது முன்பே தெரிந்தால், 'ப'வுக்கு உதடுகளைப் பட்டும் படாமலும் வைத்துத் தொடங்குவது. பலரும் நேராக இதற்கே தாவிவிட்டு, பலனில்லை என்று கைவிடுகிறார்கள்.

அறைக்குள் நுழைந்ததும், "எனக்குக் கொஞ்சம் திக்கும், நேரம் எடுத்துக்கொள்வேன்" என்று அவனே சொல்லிவிடட்டும். மறைக்கும் பாரம் போனாலே பாதி இறுக்கம் குறையும். வேண்டுமென்றே ஓரிரு சொற்களில் லேசாகத் திக்கிக் காட்டுவதும் ஒரு பயிற்சிதான். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், செய்து பார்க்கச் சொல்.

இனி உனக்கு. "மெதுவாகப் பேசுடா", "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்" இரண்டையும் நிறுத்து. அவன் சொல்ல வந்ததை நீ முடித்து வைக்காதே. முகத்தைப் பார்த்தபடி காத்திரு. உன் அம்மா அவன் நாக்கில் வசம்பு தேய்த்ததில் கோபப்பட ஒன்றுமில்லை, எங்கள் வீட்டிலும் அது நடந்தது. பயந்தாங்கொள்ளித்தனத்தால் வருவதல்ல இது. மூளை பேச்சை ஒருங்கிணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு, குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். உன் சித்தப்பாவை நினைத்துப் பார்.

புத்தக வித்தையோடு நிற்காமல் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டு. அரசு மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரி. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் இருக்கிறது.

தேர்வுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை இங்கே அனுப்பு. நான் அதிகாரியாக உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்