கயாக்கைப் பிடித்துக்கொண்ட அந்த இரண்டு நிமிடங்களுக்கும் சேர்த்து நன்றி

என்னைக் கரை சேர்த்தவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை முழு தூர டிரையத்லானை முடித்தேன். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எனக்கு ஆன நேரம் 16 மணி 21 நிமிடம். 17 மணி நேரம் தாண்டினால் கணக்கில் சேராது.

இந்தப் போட்டியில் வெளியாள் உதவி கூடாது என்று ஒரு விதி உண்டு. வீட்டுக்காரர் சாலையோரம் நின்று ஒரு பாட்டில் தண்ணீர் நீட்டினால்கூடத் தப்புதான். 1978இல் ஹவாயின் ஓவாஹூ தீவில் முதன்முதலாக 15 பேர் இதைத் தொடங்கியபோது நிலைமை வேறு. தண்ணீரும் சாப்பாடும் கொடுக்க ஒவ்வொருவரும் தங்கள் ஆட்களைக் கூட்டிவர வேண்டியிருந்தது. அன்று முடித்தவர்கள் 12 பேர். எனக்கு உதவியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் அந்த 15ஐத் தாண்டிப் போகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நீச்சல் மாஸ்டர். 38 வயதில் உங்களிடம் வந்தபோது எனக்கு 25 மீட்டர் நீந்தத் தெரியாது. "தண்ணிக்குள்ள மூச்சை விடுங்க, அடக்காதீங்க" என்று எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பீர்கள்! அடக்கிய மூச்சுதான் பதற்றத்தைக் கிளப்புகிறது என்பது எனக்குப் புரியவே மூன்று மாதம் ஆயிற்று. நீங்கள் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

அப்படியும் அன்று காலை, இரண்டாவது மிதவைக்கு முன்னால் யாரோ ஒருவரின் கால் என் கண்ணாடியில் இடித்தது. வாய் நிறையத் தண்ணீர். வெட்சூட், அதாவது நீச்சலுக்குப் போடும் இறுக்கமான ரப்பர் உடை, நெஞ்சை நெரிப்பது போல இருந்தது. கையைத் தூக்கினேன். கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் காவலுக்கு இருந்த தம்பி, நீங்கள் வந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கயாக்கைப் பிடித்துக்கொள்ளலாம், அதை வைத்து முன்னால் நகரக் கூடாது, அவ்வளவுதான் விதி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் எதுவும் நினைவில் இல்லை. "பிடிச்சுக்கங்க அக்கா, யாரும் உங்களை வெளியே அனுப்ப மாட்டாங்க. நேரம் நிறைய இருக்கு" என்றீர்கள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மாஸ்டர் சொன்ன மாதிரி நாலு தடவை தண்ணீருக்குள் மூச்சை விட்டுப் பார்த்தேன். அப்புறம் கையை விட்டேன். 1 மணி 48 நிமிடத்தில் கரையேறினேன். நீச்சலுக்கான கெடு 2 மணி 20 நிமிடம். உங்கள் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. தொப்பியின் நிழலும் குரலும்தான் தெரியும்.

சைக்கிள் தோழிக்கு என்ன சொல்ல? போட்டியில் முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது, 12 மீட்டர் இடைவெளி வேண்டும். எனக்கு அது பழக வேண்டும் என்பதற்காகவே இரண்டு மாதம் வாராவாரம், பேச்சுத் துணைக்குக்கூடப் பக்கத்தில் வராமல், எனக்குப் பின்னால் தள்ளியே 150 கிலோமீட்டர் ஓட்டினாய். நான் நின்றால் மட்டும் நின்றாய். எதிர்காற்றைத் தனியாகச் சமாளிக்கக் கற்றுக்கொண்டது உன்னால்தான்.

ஓட்டத்தில் 28ஆவது கிலோமீட்டர் உதவி மேசையில் இருந்த அம்மா, நான் தண்ணீர் கேட்டபோது நீங்கள் தரவில்லை. என் விரல்களைப் பார்த்தீர்கள். மோதிரம் இறுகிக் கிடந்தது. "குமட்டுதா? எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டு, மருத்துவக் குழுவில் ஒருவரைக் கையோடு கூட்டிவந்தீர்கள். வியர்வையில் உப்பு போக, நான் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போனால் உயிருக்கே ஆபத்து. தாகத்தைவிட அது மோசம். அவர் சோதித்துவிட்டு, தண்ணீரை நிறுத்தி, உப்பு சூப் கொடுத்து, கொஞ்ச தூரம் நடந்து போகச் சொன்னார். நீங்கள் பேசாமல் ஒரு டம்ளர் நீட்டியிருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேனோ என்று இரண்டு இரவாக நினைக்கிறேன்.

என் கணவருக்கும் மகளுக்கும் வீட்டில் நேரிலேயே சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்: எட்டு மாதம், விடியற்காலை நாலரைக்கு என் அலாரம் அடித்தபோதெல்லாம் எனக்கு முன்னால் எழுந்து விளக்கைப் போட்டது அவர்தான்.

கடைசியாக, 131ஆவது கிலோமீட்டரில் எனக்கு டியூப் கொடுத்தவருக்கு. இரண்டாவது பஞ்சர். கொண்டுவந்த ஒரே டியூபையும் முதல் பஞ்சருக்கே போட்டாகிவிட்டது. போட்டியாளர்கள் தங்களுக்குள் டியூப், பம்ப் கொடுத்துக்கொள்ளலாம் என்று விதி அனுமதிக்கிறது. ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்களிடமும் ஒன்றுதான் இருந்தது. இன்னும் 49 கிலோமீட்டர் பாக்கி. நீங்கள் யோசிக்கவே இல்லை. சைக்கிள் கெடுவுக்கு 23 நிமிடம் முன்னால் நான் உள்ளே வந்தேன்.

அந்த டியூப் இன்னும் என் பின்சக்கரத்தில்தான் இருக்கிறது. உங்களுக்காகப் புதிது ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இதைப் படித்தால் எங்கே கொண்டுவந்து தர வேண்டும் என்று சொல்லுங்கள்.