நிறம் மாற்றிய ரெக்சின் சீட்: கவனிக்க

அம்பாசடர், பத்மினி கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். பழைய ரெக்சின் சீட்டுக்குப் புது நிறம் அடித்தவர்கள் இதைப் படித்துவிடுங்கள். அந்த நிறம் மேலே மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. அதனால் தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். சானிடைசர் சிந்தினாலும் உடனே துடையுங்கள். சீட்டைச் சுத்தம் செய்ய தண்ணீரில் சில சொட்டு மைல்டு ஷாம்பு, நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி, அவ்வளவுதான். முதலில் வெளியே தெரியாத மூலையில் துடைத்துப் பாருங்கள், துணியில் நிறம் ஏறினால் நிறுத்திவிடுங்கள். சீட்டின் மேல் விளிம்பில் தலை எண்ணெய் படியும், அங்கே அடிக்கடி கவனம் தேவை. வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்ச் வேண்டாம், உப்புத்தாள் மாதிரி நிறத்தைத் தேய்த்து எடுத்துவிடும். பளபளப்புக்காக சிலிக்கான் பாலிஷ் போடுவது எனக்குப் பிடிக்காது: உட்கார்ந்தால் வழுக்கும், அப்புறம் நிறம் போன இடத்தில் மட்டும் டச்சப் அடித்தால் நிறம் சரியாக ஒட்டாது. புதிதாக அடித்தவர்கள் முழுதாகக் காயும்வரை ஈரத்துணியே வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் படத்தை இங்கே போடுங்கள்.