கையிருப்புத் திரையில் வரும் மாற்றம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிடங்கில் சரக்கு தீர்ந்த பிறகும் எங்கள் கையிருப்புத் திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது என்று உங்களில் பலர் எழுதியிருந்தீர்கள். உங்கள் இணையத்தின் வேகம் குறைவாக இருக்கலாம் என்று தொடக்கத்தில் நாங்கள் பதில் அனுப்பினோம். அது சரியான பதில் அல்ல. குறை எங்கள் திரையின் அமைப்பிலேயே இருந்தது. வரும் ஞாயிறு இரவு முதல் அந்த அமைப்பை மாற்றுகிறோம்.

கேட்டால்தான் பதில் என்பது உலாவிக்கும், எங்கள் தகவலை வைத்திருக்கும் கணினியான சர்வருக்கும் இடையே உள்ள பழைய வழக்கம். உலாவி கேட்காத வரையில், கிடங்கில் என்ன நடந்தாலும் சர்வர் தானாக வாய் திறக்காது. ஆகவே, "புதிதாக ஏதேனும் உண்டா?" என்று 5 விநாடிக்கு ஒருமுறை உலாவியைக் கேட்க வைத்திருந்தோம். எட்டு மணி நேரம் திறந்திருக்கும் ஒரு திரை இவ்வாறு 5,760 முறை கேட்கிறது. சரக்கு நகராத வேளைகளில் அத்தனைக்கும் பதில் "இல்லை" என்பதுதான். இந்த வீண் வேலையை நாங்கள் அறிந்தே பொறுத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் கவனிக்கத் தவறியது வேறொன்று. குரோம் உலாவி, பார்வையில் இல்லாத டேப்பைச் சிறிது நேரத்துக்குப் பிறகு அடக்கி வைக்கிறது. அதில் ஓடும் நேரக்கணக்கு நிமிடத்துக்கு ஒருமுறைதான் விழித்தெழும். நாங்கள் 5 விநாடி என்று சொல்லிக்கொண்டிருந்தது, வேறொரு டேப்பில் கணக்கு பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு ஒரு நிமிடம் பழைய எண்ணாகவே இருந்திருக்கிறது.

மாற்று வழி தேடியபோது முதலில் வெப்சாக்கெட்டைப் பரிசீலித்தோம். 2011 டிசம்பரில் முறையான தரமாக வெளிவந்த இது, தொலைபேசியைப் போல இரு தரப்பும் எந்நேரமும் பேச வழிசெய்வது. அரட்டைக்கும் விளையாட்டுக்கும் அதைவிடப் பொருத்தமானது குறைவு. ஆனால் எங்கள் திரையில் தகவல் ஓயாமல் ஓடுவது சர்வரிலிருந்து உங்களை நோக்கி மட்டுமே. நீங்கள் எப்போதாவது பதியும் ஆர்டருக்கு வழக்கமான கோரிக்கையே போதும். மேலும், வெப்சாக்கெட் இணைப்பு அறுந்தால் அதை மீட்டெடுக்கும் நிரலை நாங்களே எழுதிப் பராமரிக்க வேண்டும். ஒரு சிறிய நிறுவனம் இத்தகைய நிரலை எவ்வளவு குறைவாக வைத்திருக்கிறதோ அவ்வளவுக்கு உங்களுக்கும் நல்லது என்பது எங்கள் எண்ணம்.

ஆகவே சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் என்னும் எளிய முறையைத் தேர்ந்தெடுத்தோம். உலாவி ஒரே ஒருமுறை கேட்கிறது; சர்வர் அதற்கான பதிலை முடிக்காமலேயே வைத்திருந்து, சரக்கு நகரும் போதெல்லாம் அந்தப் பதிலில் சில வரிகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது. ஒரு வரியில் வரிசை எண், அடுத்த வரியில் தகவல், பிறகு ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரியைப் பார்த்த பிறகுதான் உலாவி செய்தி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். முதல் சோதனையில் நாங்கள் அதை விட்டுவிட்டு, தகவல் வந்து சேர்ந்தும் திரை ஏன் அசையவில்லை என்று ஒரு பிற்பகல் முழுவதும் தேடினோம்.

வரிசை எண்ணின் அருமை, இணைப்பு அறுந்து மீளும்போது தெரியும். 4127ஆம் செய்தியோடு இணைப்பு அறுந்தால், உலாவி தானாகவே மீண்டும் இணைந்து, கடைசியாகத் தனக்கு வந்தது 4127 என்று சர்வரிடம் சொல்லும். அதற்குப் பிந்தியவற்றைச் சேமித்து வைத்து அனுப்புவது எங்கள் பொறுப்பு. ஒரு மணி நேரச் செய்திகளை வைத்திருக்கிறோம். அதற்கும் மேல் துண்டிக்கப்பட்டிருந்தால் கையிருப்பு முழுவதையும் புதிதாக அனுப்பிவிடுவோம்.

ஆயினும் எங்களை மிகவும் வருத்திய சிக்கல், அறுந்ததே தெரியாமல் அறுந்துபோகும் இணைப்புதான். உங்களுக்கும் சர்வருக்கும் இடையே நின்று தகவலைக் கடத்தும் கணினிகளான ப்ராக்சிகள் பல, சிறிது நேரம் எதுவும் ஓடாத இணைப்பைச் சத்தமின்றித் துண்டித்துவிடும். முக்காற்புள்ளியில் தொடங்கும் ஒரு வரியை அவ்வப்போது அனுப்பி இணைப்பை உயிரோடு வைத்திருக்கலாம். ஆனால் உலாவி அந்த வரியைத் தன்னளவிலேயே தள்ளிவிடுவதால், அது வந்ததா வரவில்லையா என்பது எங்கள் திரைக்குத் தெரியவராது. எனவே 15 விநாடிக்கு ஒருமுறை உண்மையான சிறு செய்தி ஒன்றை அனுப்புகிறோம். 45 விநாடி வரை எதுவும் வராவிட்டால் எண்கள் சாம்பல் நிறத்துக்கு மாறி, கடைசியாகத் தகவல் வந்த நேரம் மேலே தோன்றும். பழையது என்று ஒப்புக்கொள்ளும் எண்ணை வைத்து நீங்கள் முடிவெடுக்கலாம். புதியதுபோல் நிற்கும் பழைய எண்ணால் இழப்புதான் வரும்.

உங்கள் அலுவலகக் கணினிப் பிரிவுக்குச் சில செய்திகள். புதிய போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. இதுவும், இணையப் பக்கங்கள் பாதுகாப்பாக வந்து சேரும் வழக்கமான எச்டிடிபிஎஸ் வழியாகவே வரும். ஆனால் உங்கள் ப்ராக்சி பதில்களைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் வகையில் அமைக்கப்பட்டிருந்தால், எங்கள் முகவரிக்கு மட்டும் அதைத் தளர்த்துமாறு கேட்டுக்கொள்கிறோம்; பதில் முடியட்டும் என்று ப்ராக்சி காத்திருந்தால், முடியாத பதில் உங்களிடம் வந்து சேராது. அத்துடன், இணைப்பு பழைய எச்டிடிபி 1.1 முறையில் செல்லும் இடங்களில் உலாவிகள் ஒரு தளத்துக்கு ஒரே நேரத்தில் 6 இணைப்புகளையே அனுமதிக்கின்றன. அங்கே கையிருப்புத் திரையை ஆறு டேப்களில் திறந்து வைத்தால் ஏழாவது டேப் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும். எச்டிடிபி 2 உள்ள இடங்களில் இந்தத் தொல்லை இல்லை.

திங்கள் காலை, ஏற்கெனவே திறந்திருக்கும் திரையை ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்யுங்கள். அதன் பிறகும் எண்கள் சாம்பல் நிறத்திலேயே நின்றால், மேலே தெரியும் நேரத்தைக் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். இணைப்பு எங்கே அறுந்தது என்று தேடத் தொடங்க அது போதும்.

இப்படிக்கு,
தொழில்நுட்பப் பிரிவு