பிச்சாவரத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு

பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பார்க்கக் கிள்ளையில் இறங்கியது முதல் ஊர் திரும்பும்வரை எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்துக்கொண்ட அத்தனை பேருக்கும் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தின் வணக்கமும் நன்றியும்.

முதலில் துடுப்புப் படகு ஓட்டிய அண்ணன்மாருக்கு. வழக்கமான ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கரையில் இறக்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். நீங்களோ கேட்ட இடமெல்லாம் நிறுத்தினீர்கள். வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் கிளையை வளைத்துப் பிடித்து, "பறிக்காம நக்கிப் பாருங்க" என்றதும் முகம் சுளித்த பிள்ளைகள், அடுத்த நிமிடம் எனக்கு உனக்கு என்று முண்டியடித்தார்கள். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியேற்றும் மரம் அது. இன்னொரு அலையாத்தி மரமான சுரபுன்னை பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடும். இலையில் அந்தக் கரிப்பு இருக்காது. இரண்டையும் நாக்கில் பார்த்த பிறகு எனக்கு விளக்க அதிக வேலை இருக்கவில்லை. கிளையிலேயே முளைவிட்டு முருங்கைக்காய் மாதிரி தொங்கும் சுரபுன்னை விதையைக் காட்டியதும் நீங்கள்தான்.

வனத்துறைக் காவலர்களுக்குத் தனி நன்றி. அந்தக் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்ததில் மண் காய்ந்து அமிழ்ந்து பள்ளமாகி, கடல் ஏற்றத்தில் வந்த நீர் வடியாமல் தேங்கி, வெயிலில் உப்பேறி, மரமே முளைக்காமல் போன கதையைப் பொறுமையாகச் சொன்னீர்கள். மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை உள்ளே விட்டு வெளியே விட்டதும் காடு மீண்ட இடத்தையும் காட்டினீர்கள். உப்பளவு பார்க்கும் கருவியை நம்பிக் கொடுத்த பரங்கிப்பேட்டை ஆய்வு மாணவிக்கும் நன்றி, அம்மா. வாய்க்கால் நீரையும் தேங்கிய குட்டை நீரையும் பிள்ளைகளே அளந்தார்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்ற கடல்நீர்க் கணக்கைக் குட்டை தாண்டியதும் ஒரே கூச்சல்!

இருளர் குடியிருப்பு அம்மாக்களைப் பற்றித் தனி மடலே எழுதலாம். பறி என்ற பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்தீர்கள். கடல் ஏறி இறங்கும் எந்த ஓதத்துக்கு எந்த வேரடியில் இறால் ஒதுங்கும் என்று நீங்கள் சொன்னது எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. சேற்றில் இறங்கிய பிள்ளைகளில் ஒருத்திக்கு மட்டும் ஒரே ஒரு இறால் சிக்கியது. அதையும் திருப்பி விட்டுவிட்டாள்.

அப்புறம், மீன்குழம்போடு சோறு போட்ட மகளிர் குழுவுக்கும், சேற்றுக் காலோடு ஏறியவர்களைத் திட்டாமல் இருக்கையில் சாக்கு விரித்த ஓட்டுநருக்கும், நம்பி அனுப்பிய பெற்றோருக்கும் நன்றி.

பிள்ளைகள் எடுத்த உப்பளவுக் குறிப்புகளைப் படி எடுத்து வனச்சரக அலுவலகத்துக்கு அனுப்புகிறோம். அறிவியல் கண்காட்சிக்கு இருளர் அம்மாக்கள் பறியோடு வந்து பேச வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஓதம் பார்த்து உங்களுக்குத் தோதான நாளைச் சொல்லுங்கள். வண்டி நாங்கள் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்