கலாமுடன் பொக்ரானில் இருந்த இன்னொரு தமிழரைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் பொக்ரான் என்று சொன்னால் போதும், கலாம் ஐயா பேர்தான் வரும். ராமேஸ்வரத்தில் பிறந்தவர், பேக்கரும்பில் நினைவிடம், அப்படித்தான் வரும், வரவும் வேண்டும். ஆனால் 1998இல் ராஜஸ்தான் பாலைவனத்தின் அந்தப் பொக்ரானில் நடந்த அணுகுண்டுச் சோதனைக்காக, ராணுவ உடையில், மேஜர் ஜெனரல் பிருத்விராஜ் என்ற மாற்றுப் பெயரில் அவர் அங்கே இருந்தபோது, மேஜர் ஜெனரல் நட்ராஜ் என்ற பெயரில் உடனிருந்த இராஜகோபால சிதம்பரத்தை இங்கே யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர், அப்போது அணுசக்தி ஆணையத்தின் தலைவர்.

இயற்பியல் பாடம் நடத்தியவள் என்பதால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் வகித்த பதவி இல்லை, அவர் வந்த வழி. படிகங்களுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்ப்பதுதான் அவர் வேலை. எக்ஸ் கதிர் எலக்ட்ரானால் சிதறுவது, ஒரே எலக்ட்ரான் உள்ள ஹைட்ரஜன் அதில் சரியாகத் தெரியாது. நியூட்ரான் அணுக்கருவிலேயே மோதிச் சிதறுவதால் ஹைட்ரஜனையும் காட்டிக்கொடுத்துவிடும். மும்பை டிராம்பே அணு உலையின் நியூட்ரான்களை வைத்து அமினோ அமிலங்களை ஆராய்ந்தவர், 1967 வாக்கில் அணுகுண்டுக்கான உலோகமான புளூட்டோனியத்தின் பக்கம் திரும்பினார். பயங்கர அழுத்தத்தில் அந்த உலோகம் எவ்வளவு சுருங்கும் என்ற கணக்கு இல்லாமல் குண்டை வடிவமைக்க முடியாது, தெரிந்த நாடுகள் அதை வெளியே சொல்லவும் இல்லை. சரி, நாமே போடுவோம் என்று போட்டார்கள். 1974இல் நடந்த முதல் சோதனைக்காகப் புளூட்டோனியத்தைப் பொக்ரானுக்குக் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். பிளஸ் டூ முடித்ததும் 'பிஎஸ்சி ஃபிசிக்ஸா, அதைப் படித்து என்ன செய்ய?' என்று கேட்கிற பெற்றோருக்கு இந்தக் கதை கட்டாயம் போய்ச் சேர வேண்டும்.

குண்டைக் கொண்டாடச் சொல்லி நான் எழுதவில்லை. அணு என்ற பேச்சுக்கே எங்கள் கடற்கரை ஊர்களில் பயம் உண்டு, கூடங்குளத்தை எதிர்த்து இடிந்தகரை மக்கள் கேட்ட கேள்விகள் இங்கேயும் பேசப்பட்டவைதான், அந்தப் பயம் எனக்கு நியாயமாகவே படுகிறது. அவரைப் பற்றி எழுதும்போது சர்ச்சையையும் சேர்த்தே எழுதுங்கள். 1998இல் வெடித்த ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த வலிமையைத் தரவில்லை என்று அந்தச் சோதனையில் பங்கெடுத்த பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை விஞ்ஞானி சந்தானமே 2009இல் சொன்னார். சிதம்பரம் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக 2018 வரை இருந்த காலத்தில், கிராமத்துத் தொழில்களின் சிக்கல்களை ஐஐடிகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க 'ருடாக்' என்ற அமைப்பைத் தொடங்க வைத்தவர் அவர்தான். மண்டபம், பாம்பன் பக்கம் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிக்கிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது. அவர்கள் கைக்கும் காலுக்கும் ஏற்ற ஒரு கருவி செய்ய அணு விஞ்ஞானம் வேண்டாம், யாராவது அக்கறையாக வந்து கேட்டால் போதும்.

2025 ஜனவரி 4ஆம் தேதி, 88 வயதில் அவர் மும்பையில் காலமானார். உங்கள் மாணவர் பகுதியில் அவருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். அந்த நியூட்ரான் விஷயத்தைப் படம் போட்டு விளக்கினால் இங்குள்ள பள்ளிகளில் வெட்டி ஒட்டச் சொல்வது என் பொறுப்பு.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்