வன்னிப் பிரதேச சபைகளுக்கு: பெயர்ப்பலகை எழுத்து குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

கிளிநொச்சியில் இருந்துகொண்டு தமிழ் எழுத்துரு வடிவமைப்பவன் நான். இதுவும் ஒரு தொழிலா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதை விடுங்கள். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். பெயர்ப்பலகைக்கு விலைமனு கோரும்போது தகரத்தின் தடிப்பு, கம்பத்தின் உயரம் எல்லாம் எழுதுகிறீர்கள். எழுத்து எப்படி இருக்கவேண்டும் என்றும் எழுதுங்கள்.

ஆனையிறவில் வருவது இரண்டு சுழி 'ன'. இரணைமடுவில் வருவது மூன்று சுழி 'ண'. ஓடுகிற பஸ்ஸில் இருந்து பார்ப்பவருக்கு அந்த ஒரு சுழிதான் அடையாளம். ஆனால் பலகை சிறிது, பெயர் நீளம் என்றதும் பலகை செய்யும் கடையில் எழுத்தை இரு பக்கமும் பிடித்து நெருக்கிவிடுகிறார்கள். அப்படி நெருக்கினால் நேர்க்கோடு மெலிந்துபோகும், கிடைக்கோடு மட்டும் தடித்தபடியே நிற்கும். சுழிக்குள் இருக்கும் வெளி அடைபட்டு மூன்று சுழி இரண்டாகத் தெரியும். ஒட்டுசுட்டானில் புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். புதுக்குடியிருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏ9 வீதிப் பலகைகள் உங்கள் பொறுப்பில் இல்லை என்று தெரியும். உள்வீதி, சந்தை, நூலகம் எல்லாம் உங்களுடையவைதானே?

ஒடுக்கமான எழுத்து வேண்டுமென்றால் முதலிலேயே ஒடுக்கமாக வரையவேண்டும். எங்கள் வேலையே அதுதான். பள்ளிக்கூடத்தில் 247 எழுத்து என்று படித்தோம். அத்தனையையும் தனித்தனியே வரைவதில்லை, காலையும் கொம்பையும் ஒருமுறை வரைந்தால் பல எழுத்துக்கு உதவும். மண்டை காய்வது உகர, ஊகார வரிசையில்தான். கு, சு, து, மு, று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும், ஒன்றுக்குப் போட்ட வாலை இன்னொன்றுக்கு மாட்ட முடியாது. 18 மெய்க்கும் இரண்டு வீதம் 36 வடிவம். டி, டீ தனி. அப்புறம் துணைக்கால் ரகரத்தோடு குழம்பக்கூடாது. இத்தனையும் பார்த்து வரைந்த பிறகுதான் ஒருவர், "எழுத்துக்கும் காசா?" என்று கேட்பார்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லமாட்டேன். அவர்களில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவை விடாததற்குக் காரணம் இருக்கிறது. வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால், ஒருங்குறித் (யுனிகோட்) தமிழில் கொம்பு இடம்மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கிளிநொச்சியின் 'நொ' உடைந்துவிடும். பாமினியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். ஒரு பெயரைத் தேடி எடுக்கவும் முடியாது. 1991இலேயே ஒருங்குறியில் தமிழ் சேர்ந்துவிட்டது. நாம் இன்னும் பழைய கோப்போடு மாரடிக்கிறோம்.

புது எழுத்துருவுக்குச் செலவழிக்கச் சொல்லி நான் சுற்றிவளைத்து வரவில்லை. கூகிளின் நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், அதில் ஒடுங்கிய வடிவமும் இருக்கிறது. நம் நாட்டவரான தாரிக் அஸீஸ் வரைந்த 'பவனம்' எழுத்துருவும் இலவசம்தான்.

ஆகவே விலைமனுவில் இரண்டு வரி சேருங்கள். எழுத்தை இழுக்கவோ நெருக்கவோ கூடாது, இடம் போதாவிட்டால் ஒடுங்கிய வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது ஒன்று. பலகையின் ஒருங்குறிக் கோப்பைச் சபையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது மற்றது. பிறகு, அச்சுக்குப் போகுமுன் ஒரு மாதிரியைத் தாளில் எடுத்து, அலுவலகச் சுவரில் ஒட்டி, முற்றத்தின் அந்தக் கரையில் நின்று வாசித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம். புதிதாக வரையச் சொன்னால் மட்டும் கேட்பேன்.

இப்படிக்கு,
கிளிநொச்சியில் இருந்து ஓர் எழுத்துரு வடிவமைப்பாளர்